புறத்தேர்வாளர் யார்?
ஆய்வேட்டை ‘முடிப்பது’ குறித்துச் சில குறிப்புகள்

1

தேங்காய்ப்பட்டணத்தில் களப்பணி செய்து முதுகலைப் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதியவன் நான். தலைப்பு, கடல்சார் வழக்குச் சொற்கள். குழித்துறையாறு கடலில் சேரும் பொழிமுகத்தில் மூன்று வாரம் உட்கார்ந்து, காற்றுக்கும் நீவாட்டுக்கும் மணல் விழும் விதத்துக்கும் அங்குள்ளவர்கள் வைத்திருந்த பெயர்களைச் சேகரித்தேன். நான்கு இயல்கள், பின்னிணைப்பு, ரெக்சின் பைண்டிங், தங்க எழுத்து. வாய்மொழித் தேர்வு இருபது நிமிடம். ‘முடித்துவிட்டேன்’ என்று வீட்டில் சொன்னேன்.

பல வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, எனக்கு அதிகம் பேசித்தந்த முதியவரைக் கடைத்திண்ணையில் பார்த்தேன். அடையாளம் கண்டுகொண்டார்.

“நான் பறஞ்சத எல்லாம் எழுதிக்கிட்டுப் போனியே மக்களே, அத எங்க கொண்டு வச்ச?”

“காலேஜ் லைப்ரரில இருக்கு காக்கா.”

“அங்க ஆரு வாசிப்பா?”

என்னிடம் பதில் இல்லை. ஆய்வு எப்போது முடிகிறது, அதை முடிந்ததென்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை அந்தக் கேள்வியிலிருந்து யோசிக்க முயல்கிறேன்.

2

பட்டப்படிப்பின் இறுதியில் மாணவர் தனித்து ஒரு ஆய்வைச் செய்து நிரூபிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ‘கேப்ஸ்டோன்’ என்று பெயர். சுவரின் உச்சியில் கடைசியாக வைக்கும் மூடுகல் என்று பொருள். நம்மூரில் அதைப் ‘புராஜெக்ட்’ என்கிறோம். 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட நான்காண்டு இளங்கலைச் சட்டகம் இதற்கு விலையும் நிர்ணயித்திருக்கிறது. முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதம் எடுத்தவர் ‘ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ்’ பெறலாம். மொத்தம் 160 கிரெடிட்டுகளில் ஆய்வேட்டுக்கு 12. கோடைகால இன்டர்ன்ஷிப்புக்குத் தனியாக 2 முதல் 4 வரை. இந்தக் கணக்கில் மாணவர் இருக்கிறார், நெறியாளர் இருக்கிறார், நிறுவனம் இருக்கிறது. தகவல் தந்தவர் இல்லை.

புறத்தேர்வாளர் என்ற ஏற்பாட்டையும் பார்க்கலாம். 1922இல் சுவார்த்மோர் கல்லூரியில் ஃபிராங்க் அய்டெலாட் ஹானர்ஸ் திட்டத்தைத் தொடங்கியபோது, கற்பித்தவரே மதிப்பிடக் கூடாதென்று வெளித்தேர்வாளர்களை வரவழைத்தார். நியாயமான யோசனை. ஆனால் அங்கும் இங்கும் ‘புறம்’ என்பது இன்னொரு கல்லூரிதான். பொழிமுகம் ஒருபோதும் அந்தப் புறத்துக்குள் வருவதில்லை.

3

இதன் விளைவு என்ன? என் ஆய்வேட்டையே பிரதியாக எடுத்துக்கொள்கிறேன். மணல் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நகரும், எப்போது வள்ளத்தைத் திருப்பக் கூடாது என்று அவர் விளக்கினார். நான் அதிலிருந்து ஒரு பெயர்ச்சொல்லை எடுத்துப் பின்னிணைப்பில் அகரவரிசையில் வைத்தேன். மீதியை விட்டுவிட்டேன். அறிவு சொல்லாகச் சுருங்கியது. சொன்னவர் ‘தகவலாளர் எண் 7’ ஆனார்.

பின்னால் அந்தப் பொழிமுகத்தில் மீன்பிடித் துறைமுகம் வந்தது. அதன் நுழைவாயிலில் மணல் சேர்ந்து, படகுகள் கவிழ்ந்து, மீனவர்கள் பலர் இறந்திருக்கிறார்கள். மீனவர்கள் போராடியிருக்கிறார்கள். என் ஆய்வேடு இதைத் தடுத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. மணலைப் பற்றிய பேச்சை மொழியியல் சரக்காக மட்டுமே கேட்கும்படி என் காது பயிற்றப்பட்டிருந்தது என்கிறேன்.

மொழியும் இதில் சேர்த்தி. இதே ஊரில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் (1944–2019) ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் (1988) ஊர்ப்பேச்சையே இலக்கியமாக்கினார். நானோ அதே பேச்சைக் கேட்டு, ‘என்பது ஈண்டு நோக்கத்தக்கது’ என்று எழுதினேன்.

4

வேறு வழிகள் இருந்திருக்கின்றன. 1967இல் நா. வானமாமலை பாளையங்கோட்டையில் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். பட்டத்துக்கோ மதிப்பெண்ணுக்கோ அல்லாமல் கட்டுரைகள் அங்கே படிக்கப்பட்டு விவாதிக்கப்பட்டன. 1969 முதல் ‘ஆராய்ச்சி’ இதழ் வந்தது. கொலம்பியாவில் ஓர்லாண்டோ ஃபால்ஸ் போர்தா, கரீபியன் கடற்கரை மக்களோடு செய்த ஆய்வை 1979 முதல் 1986 வரை நான்கு தொகுதிகளாக்கினார். இடப்பக்கத்தில் கதைபோல எளிய சொல்லல், வலப்பக்கத்தில் கோட்பாடும் சான்றும். பெற்றதை முறையாகத் திருப்பித் தருவது ஆய்வின் பகுதி என்பது அவர் நிலைப்பாடு.

5

ஆகவே சில யோசனைகள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் அதைக் களத்திலேயே, அந்த ஊர்ப் பேச்சில், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அங்கே எழும் மறுப்புகள் தனி இயலாக வேண்டும். விரும்புகிறவர்களின் பெயர் எண்ணாக அல்ல, பெயராகவே வர வேண்டும். ஒரு படி ஊரில் இருக்க வேண்டும். இன்டர்ன்ஷிப் என்றால் கம்பெனி மட்டுமல்ல, மீனவர் சங்கமும் ஓர் இடம்தான்.

இதில் சிக்கல்கள் உண்டு. ஊர் என்பது ஒற்றைக் குரல் அல்ல. என் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. திரும்பப் போய் வாசித்தாலும் முன்வரிசையில் ஆண்களே இருப்பார்கள். பஸ் செலவுக்கே திண்டாடும் மாணவரிடம் இன்னொரு பயணம் கேட்பதும் எளிதல்ல. அந்தச் செலவைக் கல்லூரி ஏற்கட்டும் என்று கேட்பதில் தவறில்லை.

நான் செய்ய முடிந்தது சிறிது. பின்னிணைப்பை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனேன். காக்கா அதை மகன்வழிப் பேத்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். மூன்றாவது சொல்லிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“அது அப்பிடி இல்ல. எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டிருக்கிறேன்.