ஒழுங்காக வாங்கிய டாக்டர் பட்டம் பறிபோனது! 10 வருடம் போராடியும் பலன் இல்லை

படித்து, ஆராய்ச்சி செய்து, முறையாக வாங்கிய டாக்டர் பட்டம். அந்த ஆராய்ச்சியில் மோசடி எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் பட்டத்தை பல்கலைக்கழகம் பறித்துக்கொண்டது!

கொடுத்ததை திரும்பப் பிடுங்கலாமா என்று விஞ்ஞானி கோர்ட்டுக்குப் போனார். 2004-ல் தொடங்கிய தகராறு 2014-ல்தான் முடிந்தது. நடந்தது ஜெர்மனி நாட்டில்.

8 நாளைக்கு ஒரு கட்டுரை

அந்த விஞ்ஞானியின் பெயர் ஹென்டிரிக் ஷோன். 1970-ல் பிறந்தவர். ஜெர்மனியின் தென்கோடியில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி, ஏரிக்கரையில் இருக்கிறது கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகம். அங்கே பவுதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். லேசுப்பட்ட இடம் அல்ல. 1947-ல் டிரான்சிஸ்டர் பிறந்ததே அங்கேதான்.

போன இடத்தில் ஷோன் கட்டுரைகளை எழுதித் தள்ளினார். 2001-ம் ஆண்டில் சராசரியாக 8 நாளைக்கு ஒரு கட்டுரை! கண்ணுக்கே தெரியாத ஒரு மூலக்கூறை டிரான்சிஸ்டராக வேலை செய்ய வைத்துவிட்டதாகச் சொன்னார். பரிசுகள் குவிந்தன. நோபல் பரிசே கிடைக்கும் என்று பேச்சு அடிபட்டது.

மற்ற விஞ்ஞானிகளும் அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். ஒருவருக்கும் வரவில்லை.

குட்டு உடைந்தது

2002-ல் அமெரிக்க பேராசிரியர்கள் சிலர் ஷோனின் கட்டுரைகளை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். திடுக்கிட்டார்கள். வேறு வேறு சோதனை என்று போட்டிருந்த படங்களில் கோடு ஒன்றாகவே இருந்தது!

கருவியில் அளவு எடுக்கும்போது கோடு லேசாக நடுங்கும். ஒரு தடவை வந்த நடுக்கம் மறு தடவை அப்படியே வராது. ஷோனின் படங்களில் நடுக்கம்கூட அச்சு அசலாக ஒன்று. இரண்டு ரசீதில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி மை சிந்தியிருந்தால் கணக்குப்பிள்ளை சும்மா விடுவாரா?

ஸ்டான்போர்டு பேராசிரியர் பீஸ்லி தலைமையில் விசாரணைக் கமிட்டி அமைக்கப்பட்டது. சோதனை எழுதிய நோட்டு எங்கே? அப்படி ஒழுங்காக எழுதி வைக்கவில்லையாம். கம்ப்யூட்டரில் இருந்த அளவுகள்? இடம் போதாமல் அழித்தாயிற்றாம். சோதித்த பொருள்கள்? கெட்டுப்போய்விட்டதாம், தூக்கிப் போட்டாயிற்றாம்!

24 புகார்களை ஆராய்ந்த கமிட்டி, 16-ல் தில்லுமுல்லு நடந்திருப்பதாக 2002 செப்டம்பரில் சொன்னது. தவறுகள் நேர்ந்ததை ஷோன் ஒப்புக்கொண்டார். கண்டுபிடிப்பு மட்டும் உண்மைதான் என்று சாதித்தார். வேலை போயிற்று. கூட எழுதியவர்கள் மீது மோசடிக் குற்றம் இல்லை என்று கமிட்டி விட்டுவிட்டது.

பட்டத்தில் கை வைத்தது

2004 ஜூனில் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகம் ஷோனின் டாக்டர் பட்டத்தை ரத்து செய்தது. தப்பு நடந்தது அமெரிக்காவில், அதுவும் பட்டம் வாங்கிய பிறகு. ஆனால் அந்த மாநிலச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. பட்டம் வாங்கியவர் பிற்பாடு நடந்துகொண்ட விதத்தால் அதற்கு தகுதியற்றவர் ஆகிவிட்டால் பட்டத்தைப் பறிக்கலாம்.

ஷோன் முதலில் பல்கலைக்கழகத்திடமே அப்பீல் செய்தார். 2009 அக்டோபரில்தான் பதில் வந்தது. தள்ளுபடி! ஒரு மனுவுக்கு பதில் சொல்ல 5 வருடம் என்பது எந்த ஊரிலும் அநியாயம்தான்.

கோர்ட்டுக்குப் போனார். 2010 செப்டம்பரில் பிரைபர்க் கோர்ட்டு பறிப்பு உத்தரவை ரத்து செய்தது. ஷோனுக்கு வெற்றி! பல்கலைக்கழகம் விடவில்லை. மேல்கோர்ட்டுக்குப் போனது. 2011 செப்டம்பரில் மன்ஹைம் கோர்ட்டு தீர்ப்பை மாற்றியது. பட்டம் பறித்தது சரி என்றது.

ஹிட்லர் காலத்துச் சொல்

தகுதியற்றவர் என்ற சொல்லுக்கு ஜெர்மனியில் கெட்ட பெயர் உண்டு. ஹிட்லர் ஆட்சியில் யூதர்கள், நாட்டை விட்டு ஓடியவர்கள், எதிர்த்துப் பேசியவர்கள் என்று பலரிடம் பட்டங்கள் பிடுங்கப்பட்டன. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் தாமஸ் மானின் கவுரவ டாக்டர் பட்டத்தை பான் பல்கலைக்கழகம் 1936-ல் ரத்து செய்தது. யுத்தம் முடிந்த பிறகு 1946-ல் திருப்பிக் கொடுத்தது. தகுதியற்றவர் என்று சொல்லிப் பட்டத்தைப் பறிக்க 1939-ல் நாடு முழுவதற்கும் ஒரு சட்டமே வந்தது.

அப்படிப்பட்ட சொல்லை வைத்து இன்றைக்கும் ஒருவரைத் தண்டிக்கலாமா?

2013 ஜூலையில் லைப்சிக் நகரில் உள்ள மத்திய நிர்வாகக் கோர்ட்டு இதற்கு ஒரு வேலி போட்டது. பட்டதாரியின் பொதுவான ஒழுக்கத்தைப் பார்க்கக் கூடாது. விஞ்ஞான வேலையில் நேர்மை தவறினாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதாவது, தெருச்சண்டை போட்டார், கடனைக் கொடுக்கவில்லை என்பதற்காக டாக்டர் பட்டத்தில் கை வைக்க முடியாது. ஆனால் ஷோன் பொய்க் கணக்கு காட்டியது ஆராய்ச்சியில். வேலிக்குள் அவர் வசமாக மாட்டிக்கொண்டார்.

கடைசியாக அரசியல் சட்டக் கோர்ட்டின் கதவைத் தட்டினார். 2014 செப்டம்பரில் அந்தக் கோர்ட்டு அவருடைய மனுவை விசாரணைக்கே எடுக்க மறுத்துவிட்டது. போன பட்டம் போனதுதான்.