மருந்துக்கடையும் மருத்துவ ஆராய்ச்சி அறமும்

முன்னர் என்னிடம் தமிழ் பயின்ற மாணவரொருவர் சென்ற ஆண்டு சில தாள்களுடன் என் இல்லம் வந்தார். அவர் இன்று சிறு பட்டினமொன்றில் மருந்துக்கடை நடத்துபவர். பதிவு பெற்ற மருந்தாளர். நீரிழிவுக்குரிய புதிய மருந்தொன்றைப் பற்றிய ஆய்வுக்குத் தம் கடைக்கு வருவோருள் தக்காரைச் சேர்த்துத் தருமாறு தம்மைக் கேட்டிருக்கின்றனர் என்றும், அவர்கள் கையொப்பமிடவேண்டிய உடன்பாட்டுப் பத்திரத்தின் தமிழைத் திருத்தித் தரவேண்டும் என்றும் கூறினார். தமிழாசிரியனுக்கு இஃது எளிய பணி என்று எண்ணியே தாள்களை வாங்கினேன். முதல் வாக்கியத்திலேயே தடைப்பட்டேன்.

“இப்பரிசோதனைக்கு நான் மனமுவந்து உடன்படுகிறேன்” என்றிருந்தது அவ்வாக்கியம். இலக்கண வழு யாதும் இல்லை. ஆயின் ‘பரிசோதனை’ என்னும் சொல்லைக் கேட்கும் நம்மூர்ப் பெரியவர் எதனை நினைப்பார்? இரத்தப் பரிசோதனையை நினைப்பார். விரல் நுனியில் ஊசியாற் குத்தி ஒரு துளி எடுப்பார்கள், அவ்வளவே என்று கையொப்பம் வைப்பார். பயன் இன்னதென்று துணியப்படாத மருந்தொன்று தம் உடலிலே சோதிக்கப்படப் போகிறது என்பதை அவர் அறியார். அடுத்த பக்கத்தில் ‘போலி மருந்து’ என்றொரு தொடர். எல்லாரும் தத்தம் வழமையான மருந்தை உண்டுவர, அதனோடு ஒரு சாராருக்குப் புதிய மருந்தும் மற்றைச் சாராருக்கு மருந்துச் சத்தில்லாத, ஆனால் பார்வைக்கு அதுபோன்ற மாத்திரையும் கொடுத்து ஒப்புநோக்குவது ஆய்வு முறைகளுள் ஒன்று. அவ்வெறு மாத்திரையையே இவ்வாறு மொழிபெயர்த்திருந்தனர். நம்மவர்க்குப் போலி மருந்தென்றால் கள்ள மருந்து. முதற்சொல் அறியவேண்டியதை மறைக்கின்றது. இரண்டாஞ்சொல் அஞ்சவேண்டாததற்கு அஞ்சுவிக்கின்றது.

இது சொல்லளவில் நிற்கும் குறையன்று. மருந்து கொடுப்பவர் தம் முன்னே நிற்கும் ஒருவரின் நலத்தையே நாடுகின்றார். ஆய்வு நடத்துபவரோ இனி வரப்போகும் நோயாளர் பலருக்குமாக ஓர் உண்மையைத் தேடுகின்றார். இரண்டும் நற்செயல்களே, ஆயினும் ஒன்றன்று. மாத்திரை ஒன்று, அதனை நீட்டும் கையும் ஒன்று என்னும்போது, தாம் எந்த நிலையில் அதனைப் பெறுகின்றார் என்பதை நோயாளிக்கு யாராவது சொல்லியாக வேண்டும்.

சொல்லாமல் விட்டதால் விளைந்த கேட்டுக்கு அமெரிக்க நாட்டின் வரலாறொன்று சான்று. மேற்கு ஜேர்மனியிலே 1957 ஆம் ஆண்டு ‘தலிடோமைட்’ என்னும் உறக்க மருந்து விற்பனைக்கு வந்தது. வைத்தியரின் துண்டு இல்லாமலே மருந்துக்கடைகளில் அதனை வாங்க முடிந்தது. கருவுற்ற தாய்மார் பலரும் அதனை உண்டனர். கைகால் குறைபட்ட குழந்தைகள் ஆயிரக்கணக்கிற் பிறந்தபின், 1961 நவம்பரில் அங்கே அது விலக்கப்பட்டது. அமெரிக்காவில் அதனை விற்க றிச்சட்சன் மெரில் என்னும் நிறுவனம் 1960 இல் அனுமதி கோரியது. அரசின் உணவு மருந்து நிருவாகத்தில் அவ்வாண்டே சேர்ந்திருந்த பிரான்சிஸ் கெல்சி என்னும் பெண்மணி, காட்டிய சான்று போதாது என்று மீண்டும் மீண்டும் கூறி அனுமதியைத் தடுத்து நின்றார். அவரைப் பலரும் போற்றுவர், போற்றத்தக்கவரே. ஆனால் அதே காலத்திற் பின்வாயிலால் நடந்ததைப் பலர் அறியார். ஆராய்ச்சிக்கு என்று சொல்லி அந்நிறுவனத்தின் விற்பனை முகவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட வைத்தியர்களிடம் 25 இலட்சத்துக்கு மேற்பட்ட மாத்திரைகளைக் கொடுத்திருந்தனர். ஏறத்தாழ 20,000 நோயாளர் அவற்றை உண்டனர். விரும்பாவிடில் பயனை எழுதி அறிவிக்கவேண்டியதில்லை என்று வைத்தியர்க்குச் சொல்லப்பட்டது. எழுதாத ஆராய்ச்சி என்ன ஆராய்ச்சியோ! மருந்தைத் திரும்பப் பெற முயன்றபோது, யார் யாருக்குக் கொடுத்தோம் என்ற கணக்குக்கூடச் சிலரிடம் இல்லை. உண்டவருட் பலர் தாம் ஓர் ஆய்வுக்கு உட்பட்டோம் என்பதையே அறிந்திலர்.

1962 அக்டோபரில் அந்நாடு புதுச் சட்டம் இயற்றியது. சோதனை நிலையிலுள்ள மருந்தை அவ்வாறென்று கூறி உடன்பாடு பெற்றே கொடுத்தல்வேண்டும் என்று அது விதித்தது. (வைத்தியரின் தீர்ப்புக்கென ஒரு விலக்கையும் கூடவே வைத்தது வேறு கதை.) நூரம்பேர்க்கு நகரத் தீர்ப்பு 1947 இலேயே மனமுவந்த உடன்பாட்டை முதல் விதியாக வைத்திருந்தது, உலக வைத்தியர் சங்கம் 1964 இல் எல்சிங்கி நகரில் தன் பிரகடனத்தை வெளியிட்டது.

இவ்விதிகள் எழுந்தபோது பெரும்பாலும் வைத்தியசாலையே மனத்தில் இருந்தது. மருந்துக்கடையின் இயல்பு வேறு. அங்கே வருபவர் பெரும்பாலும் அயலவர். கடைக்காரர் அவரை “அண்ணை” என்பார்; சென்ற மாதத்து மருந்துக்கான கடன் கொப்பியில் நிற்கும். அத்தகையவரிடம் “இவ்வாய்விற் சேருகிறீர்களா?” என்று கேட்டால், மறுப்பதற்கு அவருக்கு நா எழுமா? மேலும், இன்னாருக்கு இன்ன நோய் என்பது மருந்துத் துண்டுகளால் மருந்தாளருக்குத் தெரியும். நோய்க்கு மருந்து பெறக் காட்டிய துண்டு, ஆய்வாளருக்குப் பெயர்ப்பட்டியல் கொடுக்கக் காட்டியதன்று. என் மாணவருக்குச் சேர்க்கும் தலைக்கு இவ்வளவு என்று கூலியும் பேசப்பட்டிருந்தது. அதனைச் சற்றுத் தயங்கியே என்னிடம் கூறினார். ஆய்வுக்குச் செலவாகும் நேரத்துக்கு ஊதியம் பெறுவது முறையே. தலைக்கு என்றால், வேண்டாம் என்று சொல்லும் ஒவ்வொருவரும் நட்டக் கணக்கில் வந்துவிடுவர்.

மருந்துக்கடையில் ஆய்வே ஆகாது என்பாரோடு யான் உடன்படேன். கனடாவின் அல்பேட்டா, சஸ்கச்சுவான் மாகாணங்களில் 54 மருந்துக்கடைகள் சேர்ந்து நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2002 இல் வெளிவந்தது. மாரடைப்பு முதலியன வரக்கூடியோர் 675 பேர் அதிற் பங்குகொண்டனர். திருவுளச்சீட்டு முறையில் அவர்களை இரு கூறாக்கினர். ஒரு கூறினருக்கு மருந்தாளர் கொழுப்பின் அளவைப் பார்த்து, அறிவுரை கூறி, வைத்தியருக்கும் எழுதித் தொடர்ந்து கவனித்தார். மற்றையோர் ஒரு சிறு பிரசுரமும் வழமையான கவனிப்பும் பெற்றனர். முறையான கொழுப்புச் சோதனையோ மருந்து மாற்றமோ முதற்கூறினருள் நூற்றுக்கு 57 பேருக்கும், மற்றவருள் 31 பேருக்குமே கிடைத்தது. ஆய்வைப் புறத்தே நின்று கண்காணித்த குழுவினர் நன்மை தெளிவாகிவிட்டது என்று கண்டு, குறித்த காலத்துக்கு முன்னரே நிறுத்தச் சொல்லினர். நன்மை இன்னதென்று தெரிந்தபின் ஒரு சாராரை அதற்குப் புறம்பாக வைத்திருத்தல் தகாது என்பதே இத்தகைய குழுக்கள் பின்பற்றும் நெறி.

நானும் என் மாணவரும் அன்று மாலைமுழுதும் இருந்து அப்பத்திரத்தின் முதற்பகுதியை மாற்றியெழுதினோம். “இது உமது நோய்க்கு வைத்தியர் எழுதிய மருந்தன்று. இம்மருந்து பயன் தருமா என்று அறிய உமது உதவியைக் கேட்கிறோம். உமக்குக் கிடைப்பது புதிய மருந்தாகவும் இருக்கலாம். மருந்தில்லாத வெறும் மாத்திரையாகவும் இருக்கலாம். வேண்டாம் என்று சொல்லலாம், இடையில் விலகலாம். உமது வழமையான மருந்தும் கடை வழக்கமும் முன்போலவே இருக்கும்.” ஆய்வினை அங்கீகரிக்கும் அறநெறிக் குழு இம்மாற்றத்தை ஏற்றுக்கொண்டது. கூலியைத் தலைக்கணக்கிலன்றி மணிக்கணக்கில் தருமாறு அவர் தாமே கேட்டு எழுதினார்.

முதலில் ஒரு வயோதிப மாதுக்கு அதனை வாசித்துக் காட்டினாராம். அவர் முழுவதையும் கேட்டு, “அப்ப எனக்கு வேண்டாம் தம்பி” என்று சொல்லித் தம் வழமையான மாத்திரைகளை வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார். அடுத்த மாதமும் அவர் அதே கடைக்குத்தான் வந்தார்.