கண்ட திறமையும் காணாத திறமையும்

பல ஆண்டுகள் தங்கள் கண்முன்னே ஆடி, வெற்றி தேடித் தந்து, ஊருக்கே அபிமான புருஷராகிவிட்ட ஓர் ஆட்டக்காரரை அணி நிர்வாகம் வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு, அவருக்கு ஈடாக இன்னும் பெயரெடுக்காத இளைஞர்களை ஏற்றுக்கொள்ளும்போது ரசிகர்களின் உள்ளம் கொதிப்பது இயற்கை. போகிறவரின் திறமை பிரத்தியட்சம். வருகிறவர்களுடையதோ வெறும் அனுமானம். ஆயினும், அந்தக் கொதிப்பில் அன்றைக்கே பிறக்கும் தீர்ப்பு எத்தனை காலம் நிற்கும் என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்க விஷயம்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டியில் அணிகள் வீரர்களை விலை பேசி வாங்குவது வழக்கமன்று. ஒருவரைக் கொடுத்து மற்றொருவரைப் பெறுகிற பரிமாற்றமே அங்கே முறை. புதுமுக வீரர்களை அணிகள் ஆண்டுதோறும் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' என்ற ஏற்பாடும் அங்கே உண்டு. வலுக்குன்றிய அணிகளுக்கு அதில் முன்னுரிமை கிடைக்கும். வருங்கால ஆண்டுகளின் தேர்வு உரிமையையும் பரிமாற்றத்தில் சேர்த்துக் கொடுக்கலாமாதலால், இன்னும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும் ஒரு சிறுவன், தான் அறியாமலே இன்றைய ஒப்பந்தமொன்றில் இடம்பெற்றுவிடுதல் சாத்தியமாகிறது.

2017-ஆம் ஆண்டில் இந்தியானா பேசர்ஸ் அணியின் நட்சத்திரமாயிருந்த பால் ஜார்ஜ், தம் ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடிந்ததும் விலகிச் செல்லப்போவதாகத் தெரிவித்துவிட்டார். வைத்துக்கொண்டால் ஓராண்டில் ஒன்றுமில்லாமல் இழக்க நேரும் என்ற நெருக்கடியில், அந்த அணி அவரை ஓக்லஹோமா சிட்டி தண்டருக்குக் கொடுத்து, விக்டர் ஒலடிப்போ, டொமான்டாஸ் சபோனிஸ் என்ற இருவரைப் பெற்றது. மாணிக்கத்தைக் கொடுத்துவிட்டுக் கூழாங்கல்லைப் பெற்றார்கள் என்று பத்திரிகைகளும் ரசிகர்களும் கண்டித்தார்கள். மறு பருவத்திலேயே ஒலடிப்போ அதிக முன்னேற்றம் கண்ட வீரருக்குரிய விருதைப் பெற்றார். முந்திய பருவத்தில் 42 வெற்றிகள் கண்ட அணி 48 வெற்றிகளை எட்டியது. கண்டனம் புகழ்ச்சியாக மாறியது. 2019 ஜனவரியில் ஒலடிப்போவின் முழங்காலருகே தசைநார் அறுந்தபோது அந்தப் புகழ்ச்சியும் தளர்ந்தது. 2022-இல் சபோனிஸைச் சேக்ரமென்டோ கிங்ஸுக்கு அனுப்பி, டைரிஸ் ஹாலிபர்ட்டன் என்ற இளைஞரைப் பேசர்ஸ் பெற்றதும் கணக்கு மீண்டும் மாறியது. இம்முறை இளைஞரை இழந்ததற்காக வருந்தியவர்கள் சேக்ரமென்டோ ரசிகர்கள். ஆனால் 2006-க்குப் பிறகு மகுடத்துக்கான பிளேஆஃப் சுற்றையே காணாத அவர்கள் அணி, சபோனிஸின் துணையால் 2023-இல் அதை எட்டிவிட்டது.

ஓக்லஹோமாவின் கதை இதைவிட விசித்திரமானது. மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான தேர்வில் மூன்றாமிடம் பெறுமளவுக்கு உயர்ந்திருந்த அதே ஜார்ஜ், 2019-இல் தம்மை வேறு அணிக்கு மாற்றும்படி கேட்டுக்கொண்டார். லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸிடமிருந்து ஓக்லஹோமாவுக்குக் கிடைத்தவை: அனுபவசாலியான டனிலோ கல்லினாரி, ஒரே பருவம் ஆடியிருந்த ஷே கில்ஜியஸ் அலெக்ஸாண்டர், டிராஃப்ட்டின் முதல் சுற்றில் ஐந்து தேர்வு உரிமைகள், இரண்டு ஆண்டுகளில் தேர்வு வரிசையை மாற்றிக்கொள்ளும் உரிமை. 2020-21-இல் 22 வெற்றிகள், அடுத்த பருவத்தில் 24 என்று அணி அடிமட்டத்தில் கிடந்த நாட்களில் நிர்வாகத்தை நம்புவதற்கு மிகுந்த பொறுமை வேண்டியிருந்தது. கிளிப்பர்ஸிடமிருந்து பெற்ற உரிமைகளுள் ஒன்றால் 2022-இல் வந்து சேர்ந்தவரே ஜேலன் வில்லியம்ஸ் என்ற இளைஞர்.

2025-ஆம் ஆண்டு இறுதிப் போட்டித் தொடரில் சந்தித்த அணிகள் ஓக்லஹோமாவும் இந்தியானாவுமேயாகும். ஏழாவது ஆட்டத்தில் ஹாலிபர்ட்டன் காயமுற்று வீழ, 103-க்கு 91 என்ற கணக்கில் ஓக்லஹோமா வென்றது. கில்ஜியஸ் அலெக்ஸாண்டர் அப்பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகவும் இறுதிப் போட்டியின் நாயகராகவும் விளங்கினார். ஜார்ஜை விட்டுக்கொடுத்த இரண்டு அணிகளும் மகுடத்துக்காகப் போராடிய அந்நாளில், ஜார்ஜ் கிளிப்பர்ஸையும் விட்டு நீங்கி ஏறக்குறைய ஓராண்டு ஆகியிருந்தது.

இதைக் கொண்டு இளமையே என்றும் வெல்லும் என்று முடிவு செய்வது அறிவீனமாகும். 1975-இல் மில்வாக்கி பக்ஸ், விலக விரும்பிய கரீம் அப்துல் ஜப்பாரை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு அனுப்பிப் பெற்ற நால்வரில் இருவர், தொழில்முறை ஆட்டமொன்றும் ஆடியிராத புதுமுகங்கள். அவர்கள் திறமையற்றவர்களல்லர், எனினும் கரீம் லேக்கர்ஸுக்கு ஐந்து மகுடங்களைத் தேடித் தர, மில்வாக்கி அடுத்த மகுடத்துக்கு 2021 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆகவே, விளைவை மட்டும் பார்த்து முடிவை அளப்பது நியாயமன்று. காயமும் அதிர்ஷ்டமும் எவருடைய விவேகத்துக்கும் அடங்குவதில்லை. விட்டுக்கொடுத்த வீரரை உண்மையிலேயே தக்கவைத்துக்கொள்ள முடிந்திருக்குமா, அன்றைக்குத் தெரிந்தவற்றைக் கொண்டு கேட்ட ஈடு தகுந்ததுதானா, வந்த இளைஞர்களுக்கு ஆட இடமும் கற்க அவகாசமும் தவறு செய்ய உரிமையும் அளிக்கப்பட்டனவா என்பனவே கேட்கத்தக்க கேள்விகள். இவற்றுள் கடைசியானதே தலையாயது என்பது என் திடமான அபிப்பிராயம். அனுமானமாயிருக்கும் திறமையைப் பிரத்தியட்சமாக்குவது ஒப்பந்தத்தின் கையெழுத்தன்று, அதன்பின் நாள்தோறும் நடைபெறும் பயிற்சியே.

நிர்வாகத்தைக் கேள்வி கேட்பது ரசிகரின் உரிமை. அதை யாரும் விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கோபத்தைப் புதிதாக வந்து நிற்கும் இளைஞன்மீது காட்டாதீர்கள். தன்னை யாருக்கு ஈடாகக் கொடுக்க வேண்டும் என்று அவன் தீர்மானிக்கவில்லை.