ஆர்டு நதியின் கணக்கு

அணை கட்டுவதைப் புண்ணியமாகக் கருதுவது ஜனங்களின் இயல்பு. வறண்ட பூமிக்குத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று ஒரு மந்திரி மேடைமீது நின்று சொல்லிவிட்டால், அதற்குமேல் கேள்வி கேட்க எவரும் துணிவதில்லை. கேட்பவனுக்கு முன்னேற்றத்தின் விரோதி என்ற பட்டம் எளிதில் கிடைத்துவிடும். ஆனால் தண்ணீர் வந்தால் மட்டும் போதுமா? அந்தத் தண்ணீரால் விளைந்தது என்ன, அதன் பயனை அடைந்தவர் யார், அது தேங்குவதற்காகத் தம் நிலத்தை இழந்தவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை காணாமல் ஒரு நீர்ப்பாசனத் திட்டத்தின் நன்மை தீமையைத் தீர்மானிக்க இயலாது என்பது நமது திடமான அபிப்பிராயம். இதற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையிலுள்ள குனுனரா என்னும் சிறு பட்டணத்தின் சரித்திரத்தைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

மேற்கு ஆஸ்திரேலிய மாகாணத்தின் தலைநகரான பெர்த்திலிருந்து குனுனரா சாலை வழியே மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கிழக்கே போனால் டார்வின் துறைமுகம் சுமார் எண்ணூறு கிலோமீட்டர். இடையில் பெரிய ஊர் என்று சொல்லத்தக்கவை இரண்டொன்றே. கிம்பர்லி என்று பெயர் பெற்ற இப்பிரதேசத்தில் மழைக்காலமும் வறட்சிக்காலமும் ஆண்டைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. மழைக்காலத்தில் ஆர்டு நதி கரைபுரண்டு கடலுக்கு ஓடும். வறட்சிக்காலத்தில் அங்கங்கே மடுக்களாகச் சுருங்கிவிடும். இவ்வளவு நீரும் வீணே கடலில் கலக்கிறதே என்ற ஏக்கம் வெள்ளையர்களுக்கு உண்டானதில் வியப்பில்லை. 1883-ல் கிழக்கேயுள்ள க்வீன்ஸ்லாந்திலிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு புறப்பட்டு, 1885-ல் இங்கு வந்து சேர்ந்து, ஆர்கைல் டவுன்ஸ் என்னும் பெரும் பண்ணையை நிறுவிய டியூராக் குடும்பத்தாரின் வாரிசான கிம்பர்லி டியூராக் என்பவர்தான் 1941-ல் ஆற்றங்கரையில் சிறு சோதனைப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார்.

1942-ல் ஜப்பானிய விமானங்கள் டார்வின்மீது குண்டு வீசின. மனிதரில்லாத வடக்கை மனிதரால் நிரப்பாவிட்டால் அது நம் கைவிட்டுப் போகும் என்ற பயம் அந்நாட்டு ராஜதந்திரிகளைப் பிடித்துக்கொண்டது. யுத்தம் முடிந்தவுடன் சர்க்காரே ஆராய்ச்சிப் பண்ணை அமைத்தது. 1960-ஆம் ஆண்டை ஒட்டி, முன்பு ஊரென்று ஒன்று இல்லாத இடத்தில் நேர்க்கோட்டு வீதிகளுடன் குனுனரா எழுந்தது. 1963 ஜூலையில் பிரதம மந்திரி ஸர் ராபர்ட் மென்ஸீஸ் நேரில் வந்து மதகு அணையைத் திறந்து வைத்தார். 1972-ல் மேலும் தெற்கே மலையிடுக்கில் கட்டிய பெரிய அணையைப் பிரதம மந்திரி வில்லியம் மக்மஹோன் திறந்தார். அதன் பின்னே தேங்கிய ஆர்கைல் ஏரி சுமார் ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரந்தது. 1996-ல் வழிந்தோடியை உயர்த்திய பிறகு அதன் முழுக் கொள்ளளவு நம் மேட்டூர் நீர்த்தேக்கத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. தண்ணீரைப் பற்றிய வரையில் என்ஜினீயர்கள் சொன்னதைச் செய்து காட்டினார்கள். அதில் அவர்களைக் குறை கூற இடமில்லை.

இனி முதற்கேள்விக்கு வருவோம். விளைந்தது என்ன?

பருத்தியே இத்திட்டத்தின் செல்லப் பிள்ளை. அக்காலத்தில் பருத்திக்குச் சர்க்காரின் உதவித்தொகையும் இருந்தது. தெற்கிலிருந்து குடும்பங்கள் வந்து குடியேறி, களிமண் பூமியை உழுது விதைத்தன. முதற் சில வருஷங்கள் நம்பிக்கையாகத்தான் போயிற்று. ஆனால் காய்ப்புழு என்ற ஒரு சிறு பிராணியை எவரும் போதிய அளவு மதிக்கவில்லை. வடக்கின் வெப்பத்தில் தலைமுறை தலைமுறையாக அது பெருகியது, டி.டி.டி. மருந்து அதற்குப் பழகிப்போயிற்று. ஒரே பருவத்தில் முப்பது தடவைக்கு மேலும் விமானத்திலிருந்து மருந்து தெளித்தார்கள். புழு சாகவில்லை, குடியானவரின் முதலே செத்தது. பெரிய அணையைத் திறந்து இரண்டே ஆண்டில், 1974-ல், பருத்தி சாகுபடி அடியோடு கைவிடப்பட்டது. எந்தப் பயிரைக் காரணங்காட்டி ஏரியைக் கட்டினார்களோ, ஏரி நிறைந்த சமயத்தில் அந்தப் பயிர் இல்லை!

இதை முன்கூட்டிச் சொன்னவர் ஒருவரும் இல்லையா? இருந்தார். புரூஸ் டேவிட்ஸன் என்னும் விவசாயப் பொருளாதார நிபுணர் 1965-லேயே "வடக்கைப் பற்றிய கட்டுக்கதை" என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆஸ்திரேலியாவில் நிலத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் முதலுக்கும் உழைப்புக்குமே. ஆகையால் சந்தைக்கு ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் பெருஞ்செலவில் பாசனம் செய்வதைவிட, அதே பணத்தைத் தெற்கில் செலவிட்டால் அதிகம் விளையும் என்பது அவர் வாதத்தின் சாரம். மந்திரிகளுக்கு இவ்வாதம் கசந்தது. வடமேற்கு அபிவிருத்திக்குப் பொறுப்பான மாகாண மந்திரி சார்லஸ் கோர்ட் திட்டத்தின் பெரும் ஆதரவாளர். வடக்கு வளர வேண்டும் என்ற ஆவேசத்தின்முன் கூட்டல் கழித்தல் கணக்கு எடுபடவில்லை. 1967-ல் காமன்வெல்த் சர்க்கார் பெரிய அணைக்குப் பணம் தர இசைந்துவிட்டது.

பருத்திக்குப் பின் பல பயிர்களை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். கரும்பு நன்றாக வளர்ந்தது. 1995-ல் சர்க்கரை ஆலையும் வந்தது. 2007-ல் அதுவும் மூடப்பட்டது. மாம்பழமும், தர்ப்பூசணி வகைகளும், சியா என்னும் விதையும் இன்று அந்த மண்ணில் விளைகின்றன. 1990-களின் இறுதியிலிருந்து நமக்கு நெருங்கிய ஒரு மரம் அங்கே வயல் வயலாக நடப்பட்டது. நமது தென்னிந்திய மலைகளில் வளரும் சந்தன மரமே அது! பிற மரங்களின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சி வாழும் சுபாவமுள்ளதாதலால், துணை மரங்களையும் கூடவே வைத்துப் பாய்ச்சி வளர்க்கிறார்கள். பலன் காணப் பதினைந்து ஆண்டுக்குக் குறையாது காத்திருக்க வேண்டும். அவ்வளவு காலம் முதலைக் கட்டிப்போட முடியாமல், அங்கே மிகப் பெரிய அளவில் சந்தனம் பயிரிட்ட ஸ்தாபனமே 2018-ல் கடன் கொடுத்தவர்களின் நிர்வாகிகள் கைக்குப் போயிற்று. புழுவை எதிர்க்க மரபணு மாற்றிய பருத்தியை மறுபடியும் பயிரிடத் தொடங்கியிருக்கிறார்கள். அறுபது வருஷங்களுக்குப் பிறகு, தொடங்கிய இடத்துக்கே வண்டி வந்து நிற்கிறது.

ஆனால் விளைச்சலில் வந்த நஷ்டம் பணநஷ்டம். பணம் போனால் மறுபடி சம்பாதிக்கலாம். மற்ற இரண்டு கேள்விகளும் இதைவிடக் கனமானவை.

மனிதரில்லாத வடக்கு என்று சொன்னார்களே, அங்கே மெய்யாகவே மனிதர் இல்லையா? மிரியுவுங், கஜெரோங் என்னும் ஆதிகுடிகள் எண்ணற்ற தலைமுறைகளாக அந்நதிக்கரையில் வாழ்ந்துவந்தார்கள். ஒவ்வொரு மடுவுக்கும் ஒவ்வொரு குன்றுக்கும் அவர்களிடம் பெயரும் கதையும் உண்டு. பட்டணத்தின் பெயரே அவர்களுடைய பாஷையில் நதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்ததுதான். பெயரை எடுத்துக்கொண்டவர்கள் சம்மதத்தைக் கேட்கவில்லை. 1963-ல் மென்ஸீஸ் அணையைத் திறந்தபோது ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தின் 127-வது பிரிவு அமுலில் இருந்தது. தேசத்தின் ஜனத்தொகையைக் கணக்கிடும்போது ஆதிகுடிகளைச் சேர்த்து எண்ணக் கூடாது என்பது அப்பிரிவின் கட்டளை. 1967-ல் பொதுஜன வாக்கெடுப்பின் மூலமே அது நீக்கப்பட்டது. தலையை எண்ணாத ராஜ்யம் நஷ்டத்தை மாத்திரம் எண்ணுமா?

ஏரியில் நீர் ஏறியபோது நடந்த ஒரு காரியத்தை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். டியூராக் குடும்பத்தார் வாழ்ந்த கல் வீடு முழுகும் நிலையில் இருந்தது. அதைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, மேட்டில் மறுபடி கட்டி, 1979-ல் காட்சிசாலையாகத் திறந்தார்கள். பழமையைப் பேணுவது நல்ல காரியமே; அதை நாம் நிந்திக்கவில்லை. ஆனால் நூறு வயதுகூட நிரம்பாத அந்த வீட்டுக்கு இருந்த மதிப்பு, ஆதிகுடிகளின் புனித ஸ்தலங்களுக்கு இல்லாமற்போயிற்று. அவை கேட்பாரற்று நீரில் முழுகின. இதே சமயத்தில் வேறொரு அடியும் விழுந்தது. மாட்டுப் பண்ணைகளில் உழைத்த ஆதிகுடிகளுக்கும் வெள்ளையருக்குச் சமமான கூலி தரவேண்டும் என்று 1966-ல் தீர்ப்பாயிற்று. அது 1968 டிசம்பரில் அமுலுக்கு வந்தது. நியாயமான தீர்ப்பு. ஆனால் சமக் கூலி கொடுக்க மனமில்லாத பண்ணைகள் பல அவர்களை வெளியேற்றின. பிறந்த நிலத்தில் வேலையும் இல்லை, வாசமும் இல்லை என்றானவர்கள், புதிய பட்டணத்தின் ஓரங்களில் வந்து ஒதுங்கினார்கள். சொந்தத் தண்ணீரால் செழித்த ஊரின் விளிம்பில் அவர்கள் அந்நியரானார்கள்.

சட்டம் என்ன செய்தது? நாமும் சட்டம் பயின்றவர்களாதலால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளையர் வந்தபோது அந்தக் கண்டம் எவருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற கொள்கையை 1992-ல் மாபோ வழக்கில் ஆஸ்திரேலிய ஹைகோர்ட் தள்ளிவிட்டது. 1994-ல் மிரியுவுங் கஜெரோங் ஜனங்கள் தம் பூர்விக உரிமைக்கு வழக்குத் தொடர்ந்தார்கள். 1998-ல் கீழ்க்கோர்ட்டு அவர்களுக்குப் பெரும்பாலும் அனுகூலமாகத் தீர்ப்பளித்தது. அப்பீல்களுக்குப் பின் 2002 ஆகஸ்டில் ஹைகோர்ட் கூறிய முடிவு அவ்வளவு தாராளமானதல்ல. பூர்விக உரிமை என்பது பல உரிமைகளின் கட்டு; அதிலிருந்து ஒவ்வொன்றாக உருவப்படலாம்; மேய்ச்சல் குத்தகை கொடுத்த மாத்திரத்திலேயே பிறரை விலக்கும் தனியுரிமை மாண்டுபோயிற்று; எஞ்சிய சில உரிமைகள் பிழைத்திருக்கக்கூடும் என்று அக்கோர்ட்டு கருதியது. குத்தகை எழுதிக் கொடுத்தவரும் வாங்கியவரும் வெள்ளையர். அந்தப் பத்திரத்தால் உரிமை இழந்தவரின் கையெழுத்து அதில் எங்கும் இல்லை!

ஆயினும் வழக்கு வீண்போகவில்லை. 2003-ல் சம்மதத்தின்பேரில் ஒரு தீர்மானம் ஏற்பட்டது. பாசனத்தை விஸ்தரிக்க மேலும் நிலம் வேண்டியிருந்த மாகாண சர்க்கார், இம்முறை ஆதிகுடிகளுடன் எதிரில் உட்கார்ந்து பேசியது. 2005-ல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நஷ்டஈடும், குடியிருப்பு நிலங்களும், பாதுகாக்கப்பட்ட வனங்களின் நிர்வாகத்தில் பங்கும் அவர்களுக்குக் கிடைத்தன. 1963-ல் கேட்டிருக்க வேண்டிய சம்மதத்தை 42 வருஷங்கள் கழித்துக் கேட்டார்கள். அதற்குள் ஒரு தலைமுறை மறைந்துவிட்டது. ஆனாலும் கேட்டார்கள் என்பதையும், கேட்டதனால் திட்டம் நின்றுவிடவில்லை என்பதையும் நாம் குறிக்காமல் இருக்க முடியாது. ஜனங்களின் சம்மதத்தைக் கேட்டால் வேலை நடவாது என்று சாக்குச் சொல்லும் அதிகாரிகளுக்கு இதுவே தக்க பதில்.

அணைகளே வேண்டாம் என்று வாதிப்பது நமது நோக்கமல்ல. இன்று சுமார் நாலாயிரத்தைந்நூறு பேர் வாழும் குனுனராவைச் சுற்றி வறட்சிக்காலத்திலும் பச்சை வயல்கள் தெரிகின்றன. ஏரியின் நீரால் மின்சாரம் உற்பத்தியாகிறது. பறவைகள் ஆயிரமாயிரமாகத் தங்குகின்றன. நல்லதை இல்லையென்று சொல்வது பத்திரிகை தர்மமாகாது. நாம் கேட்பது ஒன்றே. திட்டத்தின் செலவுக் கணக்கை எழுதும்போது, சிமெண்டுக்கும் இரும்புக்கும் எதிரே தொகை குறிப்பதுபோல், நிலத்தை விட்டுப் போகும் ஜனங்களின் பெயரையும் எழுத வேண்டும். அது முதல் பக்கத்திலேயே, அஸ்திவாரக்கல் நடும் முன்பே எழுதப்பட வேண்டும்.

பொதுக்காரியத்தில் ஈடுபட்ட நமது வாலிபர்கள், எந்த சர்க்கார் எந்த நதிமீது அணை போடுவதாகச் சொன்னாலும், கைதட்டுமுன் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லட்டும். காட்டினால் தாராளமாகக் கைதட்டலாம். காட்டாவிட்டால், திறப்புவிழாக் கல்லில் எத்தனை பெரிய பெயர் பொறித்திருந்தாலும், அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.