தொழில் பழகும் இடம் யாருக்கு உரியது?

ஒரு தொழில் நிலைத்து வாழ வேண்டுமாயின், முதியவர் விட்டுச் செல்லும் இடத்தில் வந்து அமர இளைஞர் இருத்தல் வேண்டும். மூலதனம், நூல், உரம், சந்தை ஆகியவற்றைப் பற்றி நம் பேரவைக் கூட்டங்களில் நெடுநேரம் பேசுகிறோம். ஆனால் தொழிலைக் கற்கப்போகிறவர் யார், அவர் எந்தத் தெருவிலிருந்து வரப்போகிறார் என்னும் கேள்வி அங்கே எழுவது அரிது. இதனைக் குறித்துச் சட்டம் கூறுவது யாது, பிற நாட்டார் கண்ட அனுபவம் யாது, நம் சங்கங்கள் செய்யத்தக்கது யாது என்பவற்றை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பள்ளத்தாக்கின் மக்கள்

மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து 1997 முதல் தனியே இயங்கிவரும் தேனி மாவட்டம் பரப்பில் சிறியது. மக்கள் வகையில் பெரியது. 1895ஆம் ஆண்டு பெரியாற்று நீர் மலையைக் கடந்து இப்பக்கம் திரும்பிய பின் கம்பம் பள்ளத்தாக்கில் சாகுபடி விரிவடைந்தது. தமிழ் பேசுவோருடன் தெலுங்கு பேசும் குடும்பங்களும், கன்னடம் பேசும் ஒக்கலிகரும் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். பிறமலைக் கள்ளரும், இராவுத்தரும், தேவேந்திரகுல வேளாளரும், ஆதிதிராவிடரும், அருந்ததியரும் இருக்கின்றனர். மலையடிவாரங்களில் பளியரும், போடி மலையில் முதுவரும் உள்ளனர். ஏலத்தோட்ட வேலைக்காகப் போடி மெட்டும் கம்பம் மெட்டும் ஏறுவோரில் இவர்களுள் பல வகுப்பாரையும் காணலாம்.

கூலி வேலையில் இவ்வாறு பல குலத்தாரும் கலந்து நிற்கின்றனர். கைத்தொழில் பழகும் இடத்திலும், இயந்திரம் பழகும் பட்டறையிலும் அதே கலப்பைக் காண்கிறோமா என்பதே நாம் ஆராய வேண்டுவது.

வீட்டுக்குள் இருந்த பள்ளிக்கூடம்

நெசவுத் தொழிலை எடுத்துக்கொள்வோம். ஆண்டிப்பட்டி வட்டாரத்தில் சக்கம்பட்டி, டி. சுப்புலாபுரம் முதலிய ஊர்களின் பெயரைச் சொன்னாலே தறியோசை நினைவுக்கு வரும். நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை முதலில் தார் சுற்றும். பிறகு அறுந்த இழையைப் பிணைக்கும். பின்னர் பாவுக்குக் கஞ்சியிடுவதில் உதவும். கடைசியில் தறியில் அமர்ந்து நாடாவை ஓட்டும். ஆசிரியர் சம்பளம் கேட்பதில்லை, மாணவர் கட்டணம் செலுத்துவதில்லை. செலவில்லாத சிறந்த பயிற்சி முறை இது.

எனினும் இம்முறைக்கு ஒரு குறை உண்டு. குழித்தறி வீட்டின் உட்புறத்தில் இருப்பது. அதைக் கற்க விரும்பும் பிள்ளை அந்த வீட்டுக்குள் நாள்தோறும் சென்று அமர வேண்டும். உறவினர் அல்லாதாரை, அதிலும் வேறு வகுப்பாரை, வீட்டினுள் அனுமதிக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்ததில்லை. ஆகவே, 'இன்ன சாதியார் நெய்யக் கூடாது' என்று எவரும் விதி எழுதாமலேயே வெளியார்க்குக் கதவு அடைபட்டது. காலப்போக்கில், நெசவு சில வகுப்பாருக்கு மட்டுமே வரும் கலை என்னும் எண்ணம் வேரூன்றியது.

இவ்வெண்ணம் உண்மையன்று. செங்குந்தர், தேவாங்கர், சாலியர், சௌராஷ்டிரர் ஆகியோர் நெசவில் புகழ் பெற்றவர் என்பது மெய்யே. அதே போழ்து, தஞ்சை, மதுரைப் பகுதிகளில் நெசவையே தொழிலாகக் கொண்ட கோலியர் என்னும் வகுப்பார் இருந்தனர்; அவர்கள் இன்று தமிழ்நாட்டின் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் பட்டியலில் உள்ளவர்கள். விரலின் திறன் பழக்கத்தினால் வருவது. பழகுதற்கு இடம் கிடைத்தவர் அதைப் பெற்றனர்.

சட்டம் கூறுவது

வீட்டுத் தறிக்கு அப்பால், ஆலைகளிலும் பட்டறைகளிலும் அளிக்கப்படும் பயிற்சியை ஒழுங்குபடுத்த 1961ஆம் ஆண்டில் தொழிற்பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. பழகுநருக்கும் தொழில் நடத்துவோருக்கும் இடையே எழுத்து மூலமான ஒப்பந்தம் ஏற்பட்டு, அது பதிவு செய்யப்படுதல் வேண்டும். பழகுநர் வயது வராதவராயின் அவருடைய பாதுகாவலர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவார். குறைந்த வயது 14. ஆபத்தான தொழில்களுக்கு 18. பயிற்சிக் காலத்தில் மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. பழகுநர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி அல்லர், பயிற்சி பெறுபவரே ஆவர். பயிற்சி முடிந்தபின் வேலை நிச்சயம் என்று சட்டம் உறுதி கூறவில்லை என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

2019இல் திருத்தப்பெற்ற விதிகளின்படி, 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிலையங்கள் கட்டாயமாகப் பழகுநரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள நிலையங்கள் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்க வேண்டிய அளவு, ஒப்பந்தப் பணியாளரையும் கணக்கிட்டு, மொத்தத்தில் 100க்கு 2.5 முதல் 15 வரை. 200 பேர் வேலை செய்யும் ஓர் ஆலையில் 5 பேருக்குக் குறையாமலும் 30 பேருக்கு மிகாமலும் பழகுநர் இருப்பர் என்று கொள்ளலாம். ஆண்டிப்பட்டியில் உள்ளதைப் போன்ற கூட்டுறவு நூற்பாலைகளுக்கும், பெரிய விற்பனைச் சங்கங்களுக்கும் இக்கணக்கு நேரே பொருந்துவது. வீட்டுத் தறியில் நெய்யும் அங்கத்தினர் சங்கத்தின் ஊழியர் அல்லராதலால், அவர் தறி இச்சட்டத்தின் கீழ் வாராது.

ஒதுக்கீடும் அதன் ஓட்டையும்

1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் வகுப்பு பற்றிய ஏற்பாடு இருக்கவில்லை. 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தினால், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும் என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. 2007ஆம் ஆண்டுத் திருத்தம் பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பாருக்கும் இதனை விரிவாக்கியது. தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் உரிய இடங்களின் அளவு, அந்தந்த மாநிலத்தில் அவர்களுடைய மக்கள்தொகையை ஒட்டி விதிக்கப்படும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டோர் 100க்கு 20 பேர். பழங்குடியினர் 100க்கு ஒருவரைச் சற்றே விஞ்சுவர். மின்பணியாளர் பயிற்சிக்கு நான்கு இடம், பொருத்துநர் பயிற்சிக்கு நான்கு இடம் என்று தொழில்வாரியாகப் பிரித்துப் பார்த்தால், சிறு எண்ணிக்கையினர்க்கு ஒரு முழு இடம் ஒருபோதும் தேறாது. இதனை உணர்ந்தே, ஒரு நிலையத்தில் பல தொழில்களில் பயிற்சி அளிக்கப்படுமாயின், எல்லாப் பழகுநரையும் சேர்த்து எண்ணிய மொத்தத்தின் மீதும் ஒதுக்கீடு செய்ய வேண்டுமென்று சட்டம் கூறுகிறது. சங்கக் காரியதரிசிகள் இந்நுட்பத்தைக் கருத்தில் இருத்துதல் வேண்டும்.

இனி, முக்கியமான செய்திக்கு வருவோம். ஒதுக்கிய இடத்திற்குத் தகுதியுடையார் கிடைக்காவிடில், தாழ்த்தப்பட்டோர் இடத்தைப் பழங்குடியினரைக் கொண்டும், பழங்குடியினர் இடத்தைத் தாழ்த்தப்பட்டோரைக் கொண்டும் நிரப்பலாம். அவ்வாறும் ஆள் கிடைக்காவிட்டால் பிறரைக் கொண்டு நிரப்பலாம் என்று விதி இடம் தருகிறது. இயந்திரம் சும்மா நிற்கலாகாது என்பதற்காக ஏற்பட்ட விதி இது. ஆனால் 'ஆள் கிடைக்கவில்லை' என்னும் மூன்று சீர்களுக்குள் எத்தனையோ காரணங்கள் ஒளிந்திருக்கலாம். அறிவிப்பு ஆலையின் வாயிற்பலகையில் மட்டும் ஒட்டப்பட்டிருந்தால், அதை முதலில் படிப்பவர் ஏற்கெனவே அங்கு வேலை செய்பவர். அவர் தம் மகனுக்கும் மைத்துனன் மகனுக்கும் சொல்வார், அதில் குற்றமில்லை. ஆனால் மலையடிவாரத்துப் பளியர் குடியிருப்புக்கு அச்செய்தி எட்டுவதற்குள் கடைசித் தேதி கடந்துவிடுகிறது. பின்னர், ஆள் கிடைக்கவில்லை என்று கோப்பில் எழுதப்படுகிறது. எழுதியவர் பொய் சொல்லவில்லை, தேடவும் இல்லை.

பிற நாடுகளில்

இத்தொல்லை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கட்டடத் தொழிற்சங்கங்கள் பலவற்றில் பழகுநர் இடம் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் வழக்கம் இருந்தது. நியூ ஆர்லீன்ஸ் நகரில் ஒரு தொழிற்சங்கம், அங்கத்தினரின் புதல்வர்க்கும் நெருங்கிய உறவினர்க்கும் மட்டுமே இடமளித்து வந்தது. அங்கத்தினர் அனைவரும் வெள்ளையராதலால், கறுப்பர் எவரும் உள்ளே நுழைய இயலவில்லை. 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்திற்கு இது முரணானது என்று 1969இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதியின் சொற்களில் நிறம் பற்றிய பேச்சு இல்லாவிடினும், அதன் பயன் நிறத்தால் பிரிப்பதாகவே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டு அரசாங்கம் ஒரு குறியை வைத்தது: தொழில் பழகத் தொடங்குவோரில் கறுப்பர், ஆசியர் முதலிய சிறுபான்மை இனத்தாரின் விகிதத்தை 2020க்குள் ஐந்தில் ஒரு பங்கு உயர்த்துவது என்று. 2018இல் லண்டன், பர்மிங்ஹாம், பிரிஸ்டல், லெஸ்டர், மான்செஸ்டர் வட்டாரம் ஆகிய ஐந்து நகர்ப்பகுதிகளில் இதற்கெனத் தனி முயற்சியும் தொடங்கப்பெற்றது. கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, வெளியே சென்று அழைக்கவும் வேண்டும் என்பதை இத்தகைய முயற்சிகள் காட்டுகின்றன.

நம் வட்டாரத்தின் பாடம்

அவ்வளவு தூரம் செல்லாமலே, நம் மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பிறமலைக் கள்ளர் அடைந்த துன்பத்தை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். பிறப்பினாலேயே குற்றவாளி என்று பெயர் பதிவு செய்யப்பெற்ற இளைஞனை எந்தப் பட்டறை ஏற்கும்? 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. அதற்கு முன்பே தொடங்கிய சீரமைப்புப் பணியில் பள்ளிகளோடு கூட்டுறவுச் சங்கங்களும் கருவியாகப் பயன்பட்டன. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளை மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் காணலாம். ஒரு வகுப்பார்க்கு இவ்வாறு பயன்பட்ட கருவி, பிற வகுப்பார்க்கும் பயன்படாதிருக்கக் காரணம் இல்லை.

சங்கங்கள் செய்யத்தக்கவை

'அங்கத்தினர் பிள்ளைகளுக்கு முதலிடம் அளிப்பது தவறா?' என்று சிலர் வினவக்கூடும். அவர்களுக்குரிய வழி அடைபடப்போவதில்லை. ஒதுக்கீடு போக எஞ்சிய இடங்களுக்கு அவர்களும் பிறரைப் போல் விண்ணப்பிக்கலாம். ஆனால் சங்கம் பெறும் கடனும் மானியமும் பொதுமக்கள் வரிப்பணத்தைச் சார்ந்தவை. பொதுப்பணத்தில் நடைபெறும் பயிற்சியைக் குடும்பச் சொத்தாகக் கருதலாகாது. அன்றியும், நெசவாளர் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குச் செல்லும் இக்காலத்தில், வெளியாரை வரவேற்காத தறி வெறுந்தறியாகவே நிற்கும். ஆகவே கீழ்க்கண்டவற்றை நிர்வாகக் குழுக்கள் ஆலோசிக்கலாம்.

முதலாவது, அறிவிப்பு. பயிற்சி இடம் பற்றிய செய்தியை ஊராட்சி அலுவலகம், அரசுப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஆதிதிராவிடர் மாணவர் விடுதி ஆகிய இடங்களில் ஒட்ட வேண்டும். பளியர் குடியிருப்புகளுக்கு ஒருவர் நேரில் சென்று வாசித்துக் காட்டுதல் நலம்.

இரண்டாவது, சான்றிதழ். தாழ்த்தப்பட்டோர்க்கான சாதிச் சான்றை வட்டாட்சியர் வழங்குகிறார். பழங்குடியினர்க்கான சான்றைக் கோட்டாட்சியர் வழங்குகிறார். இதற்குக் காலம் பிடிக்குமாதலால், ஆட்சேர்ப்புக்கு முன்னரே விண்ணப்பிக்கச் சங்க எழுத்தர் உதவலாம்.

மூன்றாவது, பொதுக்கூடம். வீட்டுத் தறியில் வெளியார் பழக இயலாது என்பதைக் கண்டோம். சங்கக் கட்டடத்தில் இரண்டு தறிகளை இட்டு, தேர்ந்த நெசவாளர் ஒருவருக்கு ஊதியம் தந்து கற்பிக்கச் செய்தால், எவருடைய வீட்டு வாசலையும் கடக்காமலே எவர் பிள்ளையும் கற்கலாம். அங்கே குடிநீர்ப் பானையும் அமரும் பலகையும் அனைவர்க்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு சங்கக் கட்டடத்துக்கும் உரியது.

நான்காவது, கணக்கு. விண்ணப்பித்தவர், சேர்ந்தவர், இடையில் நின்றவர், முடித்தவர் ஆகியோர் எண்ணிக்கையை வகுப்புவாரியாகப் பதிவு செய்து, ஆண்டுதோறும் பேரவை முன் வைக்க வேண்டும். பாதியில் நின்றவர் ஏன் நின்றார் என்பதும் பதிவாதல் வேண்டும்.

ஐந்தாவது, அங்கத்துவம். நெசவு பயின்று தேறியவருக்குத் தறியும் நூலும் கிடைக்க, அவரைச் சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளுதல் முறை. இன்றேல் கற்றது வீணாகும்.

1844இல் ராச்டேல் நகரத்து நெசவாளரும் பிற தொழிலாளரும் கூடித் தொடங்கிய சங்கத்தையே நம் இயக்கத்தின் தாயாகப் போற்றுகிறோம். 1995இல் சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் வகுத்த கொள்கைகளில் முதலாவது, சமூகம், இனம், சமயம் முதலிய வேறுபாடின்றி எவரும் அங்கத்தினராகலாம் என்பது. ஐந்தாவது, கல்வியும் பயிற்சியும் அளித்தல் என்பது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், பயிற்சியும் எல்லார்க்கும் உரியது என்னும் பொருள் தெளிவாகும். வரும் பேரவைக் கூட்டத்தில் நூல் விலையைப் பற்றிப் பேசிய பின், நம் சங்கத்தில் இவ்வாண்டு தொழில் பழகுவோர் எத்தனை பேர், அவர்கள் எந்தெந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று அங்கத்தினர் ஒருவரேனும் எழுந்து கேட்பாராக.