கஞ்சிக்கு அடுத்த உணவு: ஜெர்மானிய ஆப்பிள் அப்பம்

உள்நோயாளிகளைக் காண வருவோர் பெரும்பாலும் ஆப்பிளும் ரொட்டியும் வாங்கி வருகின்றனர். வீடு திரும்பும் நாளில் அப்பழங்களில் பாதி பையிலேயே கிடக்கும். பல்லில்லாத முதியவரால் அவற்றைக் கடிக்க இயலாது; காய்ச்சலில் வாய் கசந்தவருக்கு அவற்றின்மேல் விருப்பமும் இராது. சத்தைக் கணக்கிட்டால் ஆப்பிள் அத்தனை உயர்வான பழமும் அன்று. 100 கிராமில் ஏறக்குறைய 85 கிராம் நீர். வைட்டமின் சி-யில் நம் ஆயக்குடிக் கொய்யாவின் அருகில்கூட அது நிற்காது. ஆயினும் விலை கொடுத்து வாங்கிய பழத்தை வீணாக்குவானேன்?

பழத்தைவிட எங்களுக்குப் பெருங்கவலை தருவது கஞ்சி. வீடு சென்றபின் பலர் வாரக்கணக்கில் அரிசிக் கஞ்சியும் பால்-ரொட்டியுமாகவே இருந்துவிடுகின்றனர். நீண்ட காய்ச்சல், காசநோய், பெரிய அறுவை சிகிச்சை ஆகியவற்றால் உடலின் தசை கரைகிறது. அதை மீட்கப் புரதம் வேண்டும். கஞ்சியில் அது மிகக் குறைவு. மறுபரிசோதனைக்கு வருகையில் எடை மேலும் இறங்கியிருக்கும்; நாற்காலியிலிருந்து எழவே கையை ஊன்ற வேண்டியிருக்கும். “ஒன்றும் இறங்க மாட்டேன் என்கிறது, டாக்டர்” என்று வீட்டார் வருந்துவர். அவர்களிடம் குறை காண இயலாது. மென்மையாகவும், வாய்க்குப் பிடித்ததாகவும், புரதம் உடையதாகவும் ஓர் உணவு வேண்டும் என்பதே அவர்களுடைய தேவை.

ஜெர்மனியில் வீடுதோறும் செய்யும் ஆப்பிள் அப்பம் இத்தேவைக்குப் பொருந்துகிறது. அங்கு இதன் பெயர் ‘அப்ஃபெல் ஃபான்கூகன்’. ஆப்பிள், வாணலி, கேக் ஆகிய மூன்று சொற்கள் சேர்ந்தது. (பெர்லினில் ‘ஃபான்கூகன்’ என்று கேட்டால், உள்ளே ஜாம் வைத்துப் பொரித்த உருண்டைப் பணியாரம் ஒன்று வரும். ஊருக்கு ஊர் பெயர் மாறுவது நமக்கு மட்டும் உரியதன்று.) அங்கே இதைச் சிற்றுண்டியாக மட்டுமின்றி ஒரு வேளை உணவாகவே உண்பர். நம் கார்த்திகை அப்பத்தைப்போல் எண்ணெயில் மூழ்கவிடாமல், தோசைபோல் சிறிது நெய்யில் வேகவைப்பது இதன் சிறப்பு.

இருவருக்கு இரண்டு முட்டை, 60 கிராம் கோதுமை மாவு, 120 மில்லி பால், ஒரு சிட்டிகை உப்பு, நடுத்தர அளவில் ஓர் ஆப்பிள், இரண்டு தேக்கரண்டி நெய் போதும். முதலில் மாவுடன் பாலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கட்டியின்றிக் கரைக்க வேண்டும். பிறகே முட்டையை உடைத்து ஊற்றி அடிக்க வேண்டும். கலவை தோசை மாவைவிடச் சற்று நீர்த்திருக்கட்டும். அதைக் கால் மணி நேரம் மூடி வைத்தால் மாவு நீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்பம் மென்மையாக வரும். ஆப்பிளின் தோலையும் விதையையும் நீக்கி மெல்லிய வில்லைகளாக நறுக்குக. கனமான வாணலியில் பாதி நெய்யை விட்டு, பாதி வில்லைகளைச் சிறு தீயில் வதக்குக. அவை குழைந்து ஓரம் பொன்னிறமாகையில் பாதிக் கலவையை அவற்றின்மேல் ஊற்றி மூடுக. மேற்பரப்பில் ஈரம் வற்றுவதற்கு நான்கைந்து நிமிடம் ஆகும். அதன்பின் ஒரு தட்டில் கவிழ்த்து, மறுபுறமும் வேகவிடுக. அவசரப்பட்டுத் திருப்பினால் பழம் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். மணத்துக்கு ஒரு சிட்டிகை பட்டைத்தூள் சேர்க்கலாம். எஞ்சியதைக் கொண்டு இரண்டாவது அப்பத்தை வார்க்கலாம்.

ஓர் அப்பத்தில் ஏறக்குறைய 11 கிராம் புரதம் கிடைக்கும். எடை குறைந்தவருக்கு இன்னும் ஒரு தேக்கரண்டி நெய் விடுவதில் தவறில்லை. முட்டை நன்கு வெந்திருப்பது முக்கியம். புற்றுநோய் சிகிச்சையில் இருப்போருக்கும், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்போருக்கும் அரைவேக்காட்டு முட்டை கூடவே கூடாது.

முட்டை என்றதும் தயங்கும் குடும்பங்கள் காந்திகிராமத்தில் உண்டு. 1942-இல் ஆகாகான் மாளிகையில் சிறையிருந்தபோது காந்தியடிகள் உடல்நலம் பற்றி எழுதிய சிறுநூலில், பால் அருந்துபவர் குஞ்சு பொரிக்காத முட்டையை மறுக்க வேண்டியதில்லை என்னும் கருத்தைக் கூறியிருக்கிறார். இன்று பண்ணைகளிலிருந்து கடைக்கு வரும் முட்டை பெரும்பாலும் அவ்வகையே. அதன்பின்னும் மனம் ஒப்பாதவரை நாங்கள் வற்புறுத்துவதில்லை. ஊறவைத்து அரைத்த பாசிப்பருப்பைக் கோதுமை மாவில் கலந்து, அதே ஆப்பிளுடன் அடையாக வார்க்கலாம். ஜெர்மானியர் அதை ஏற்கமாட்டார். நோயாளியின் தசை ஏற்கும்.

நீரிழிவு உள்ளோர் ஓர் அப்பத்தை ஏறக்குறைய மூன்று இட்லிக்கு ஈடாகக் கணக்கிட வேண்டும். காலை உணவு முடித்தபின் “பழந்தானே” என்று இதையும் உண்டால் சர்க்கரை ஏறும். மேலே சர்க்கரையோ தேனோ தேவையில்லை; வதங்கிய ஆப்பிளின் இனிப்பே போதும். இன்சுலின் போடுபவர் வழக்கமான அளவையும் நேரத்தையும் தாமாக மாற்றலாகாது. இரும்புச்சத்து மாத்திரையைப் பால் சேர்ந்த இவ்வுணவோடு விழுங்கினால் அது சரியாக உட்கிரகிக்கப்படாது. இரண்டு மணி நேரம் இடைவெளி விடுக. பக்கவாதத்துக்குப் பின் தண்ணீர் குடிக்கும்போதே இருமுபவருக்கு, எத்தனை மென்மையாயினும், விழுங்கும் திறனை நாங்கள் சோதிக்கும் முன் இதை ஊட்ட வேண்டாம்.

சிறுநீரக நோயாளிகளுக்கு ஆப்பிள் உண்மையிலேயே உதவும் இடம் ஒன்று உண்டு. பொட்டாசியத்தைக் குறைக்குமாறு கூறப்பட்டவருக்கு வாழைப்பழம் ஆகாது; 100 கிராமில் ஏறக்குறைய 360 மில்லிகிராம் பொட்டாசியம் அதில் உள்ளது. ஆப்பிளில் 110 அளவே. எனினும் அவர்களுக்குரிய புரத அளவு, டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு ஒன்றாகவும் மற்றவருக்கு வேறாகவும் இருக்கும். எத்தனை முட்டை என்பதை மருத்துவரிடம் கேட்டறிக.

ஆப்பிள் விலை மிகும் நாட்களில் கொடைக்கானல் பேரிக்காயைக் கொள்ளலாம். அது சற்றுக் கெட்டி. வதக்கும்போது சிறிது நீர் தெளித்து மூடி வைத்தால் குழையும். சிறுநீரகக் கோளாறு இல்லாதவர் சிறுமலை வாழைப்பழத்தை வட்டமாக நறுக்கி, வதக்காமலே கல்லில் பரப்பிக் கலவையை ஊற்றலாம்.