'நிறைய'ன்னா நிறையதான்... இங்கிலீஷில் மட்டும் ஏன் 'மெனி', 'மச்'?

காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் வீசுற மாம்பழமும் நிறைய, படைக்குற தயிர்சாதமும் நிறைய. தமிழுக்கு ஒரே சொல் போதும். 1954 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கும் ரெண்டுக்கும் ஒரே 'போக்கூ'தான். இங்கிலீஷ்தான் பிரிச்சுப் பார்க்கும்.

எப்படிப் பிரிப்பது?

ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண முடிந்தால் 'மெனி', 'ஃபியூ': மெனி மேங்கோஸ். அளக்கத்தான் முடியும் என்றால் 'மச்', 'லிட்டில்': மச் ரைஸ். குழப்பமா? 'எ லாட் ஆஃப்' ரெண்டுக்கும் பொருந்தும்.

எங்கே வழுக்கும்?

தமிழில் 'தகவல்கள்' சரி. பிரெஞ்சிலும் அதற்குப் பன்மை உண்டு. ஆனால் இங்கிலீஷில் 'இன்ஃபர்மேஷன்' எண்ண முடியாத பெயர்ச்சொல்; கடைசியில் 'எஸ்' சேர்க்கக் கூடாது. அட்வைஸ், எக்விப்மென்ட், ஃபர்னிச்சர், லக்கேஜும் அப்படித்தான். ஒன்றை மட்டும் குறிக்க, 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்'.

வேலைக்கு மெயில் அனுப்புறீங்களா?

'ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்' என்றால், அனுபவம் இல்லாத மாதிரிதான். 'எ லிட்டில்' என்றால், கொஞ்சம் இருக்கு. 'ஃபியூ', 'எ ஃபியூ'வுக்கும் இதே கதைதான். 'ஃபியூ ப்ராஜெக்ட்ஸ்' என்றால் பெரிதாக எதுவும் செய்யலை. 'எ ஃபியூ ப்ராஜெக்ட்ஸ்' என்றால் சிலவற்றை முடித்திருக்கிறீர்கள். வித்தியாசம் ஒரே ஒரு 'எ'. 'சென்ட்' தட்டும் முன் அது இருக்கான்னு பார்த்துடுங்க.